பைரட்ஸ் இளசுகளைப் பின்தொடர: கிரீன்ஸ்பரோ எண்களை எவ்வளவு நம்பலாம்?

மூன்றுநதி:

வணக்கம் நண்பர்களே. பிட்ஸ்பர்க் பைரட்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்களை ஒழுங்காகப் பார்க்கிறேன். இந்த சீசன் முதல் அதன் இளைஞர்கள் படிப்படியாக ஏறி வரும் நான்கு மைனர் லீக் அணிகளையும் சேர்த்துக் கவனிக்கலாம் என்று இருக்கிறேன், கீழ்ப்படியிலிருந்து மேலாக: பிராடென்டன் (சிங்கிள்-ஏ), கிரீன்ஸ்பரோ (ஹை-ஏ), ஆல்டூனா (டபுள்-ஏ), இண்டியானபோலிஸ் (டிரிபிள்-ஏ). அணியின் சிறந்த இளைஞர்களை வரிசைப்படுத்தும் டாப் 30 பட்டியல்கள் படிக்கிறேன், பாக்ஸ் ஸ்கோர் (ஆட்டத்தின் எண் சுருக்கம்) பார்க்கத் தெரியும். ஆனால் பார்த்த எண்ணை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்பதில்தான் தடுமாற்றம்.

கிரீன்ஸ்பரோவில் எல்லோரும் ஹோம் ரன்னாக விளாசுகிறார்கள். ஆல்டூனா போனதும் பாதிப் பேர் அடங்கிவிடுகிறார்கள். எது நிஜ பலம், எது மைதானம் தந்த பலம் என்று எப்படிப் பிரிப்பது? பிட்சர்களில் (பந்து வீசுபவர்கள்) ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி, பார்ப்பது வீண் என்கிறார்கள், அப்படியானால் எதைப் பார்ப்பது? மூன்றாவது, பிட்சர் பப்பா சாண்ட்லர் 2025இல் ஆகஸ்ட் வரை இண்டியானபோலிஸில் காத்திருந்தது போல மேலே கூப்பிடும் நேரம் எதை வைத்து முடிவாகிறது? ஆப்ஷன், ரூல் 5 என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்குப் பிடிபடுவதில்லை.

தினமும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்க முடியும்.

டக்அவுட்படி:

கிரீன்ஸ்பரோவிலிருந்தே தொடங்குகிறேன். பைரட்ஸ் ரசிகர்கள் வருஷா வருஷம் கோட்டை விடுகிற இடம் அதுதான்.

அந்த மைதானம் ஹோம் ரன்னுக்கு ரொம்பவும் தோதானது. அதற்கு முந்தின படியான பிராடென்டன் நேர் எதிர். புளோரிடா ஸ்டேட் லீக் அணிகள் பெரும்பாலும் மேஜர் லீக் அணிகளின் ஸ்பிரிங் டிரெய்னிங் மைதானங்களில் ஆடுகின்றன. விஸ்தாரமான மைதானம், ஈரம் கனத்த காற்று, பந்து அவ்வளவு தூரம் போகாது. ஆகவே பிராடென்டனில் 5 ஹோம் ரன் அடித்த பையன் கிரீன்ஸ்பரோவில் 15 அடித்தால் அவன் பலம் மூன்று மடங்காகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆல்டூனாவில் அது 7 ஆகக் குறைந்தால் பையன் தேய்ந்துவிட்டான் என்றும் சொல்ல முடியாது. மூன்று ஊர் எண்களையும் ஒரே வரிசையில் வைத்துக் கோடு போடுவதுதான் தப்பு.

செய்ய வேண்டியது சுலபம். ஆட்டக்காரரின் பக்கத்தில் ஸ்ப்ளிட்ஸ் பகுதிக்குப் போய் உள்ளூர், வெளியூர் எண்களைத் தனித்தனியே பாருங்கள். கிரீன்ஸ்பரோ பேட்டருக்கு வெளியூர் எண்ணுக்கே அதிக மதிப்புக் கொடுங்கள். ஃபேன்கிராஃப்ஸ் புள்ளிவிவரத் தளத்தில் மைனர் லீக் டபிள்யூ.ஆர்.சி. பிளஸ் (சராசரி பேட்டரை 100 என்று வைத்து மொத்தத் திறனைக் காட்டும் எண்) பார்க்கிறீர்கள் என்றால் ஒன்று நினைவிருக்கட்டும்: அது லீக் சராசரிக்கு ஏற்பத் திருத்தப்பட்டது, மைதானத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டதல்ல. கிரீன்ஸ்பரோவில் 140 என்றால் அதில் ஒரு பங்கு மைதானத்தின் கொடை.

அடுத்தது வயது. எனக்கு முதல் வடிகட்டியே அதுதான். சிங்கிள்-ஏ சராசரி வயது சுமார் 21, ஹை-ஏ சுமார் 22, டபுள்-ஏவில் 23, 24, டிரிபிள்-ஏவில் 26க்கும் மேல். 19 வயதுப் பையன் ஹை-ஏவில் .260 அடிப்பது, 23 வயதுக்காரர் அதே லீகில் .300 அடிப்பதைவிடப் பெரிய சேதி. கல்லூரியில் மூன்று வருடம் ஆடிவிட்டு வந்தவர் சிங்கிள்-ஏவில் வெளுத்து வாங்கினால் அதை ஒரு தேர்வு எழுதியதாகவே நான் கணக்கில் எடுப்பதில்லை.

பிறகுதான் ஸ்ட்ரைக்அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) வாக்கும் (நான்கு தப்புப் பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்). இரண்டையும் மொத்த பிளேட் அப்பியரன்ஸால் (அடிக்க வந்த வாய்ப்புகள்) வகுத்துச் சதவீதமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்அவுட் விகிதம் சுமார் 60 பிளேட் அப்பியரன்ஸிலேயே ஓரளவு நிலைத்துவிடும். வாக் விகிதத்துக்கு 120 வேண்டும், ஹோம் ரன் விகிதத்துக்கு 170 போல. பேட்டிங் சராசரியோ ஒரு முழு சீசன் ஆனாலும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஏப்ரல் மாதச் சராசரியை வைத்துத் துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம்.

ஒரு மாத வரியை எப்படிப் பிரிப்பது என்று ஒரு கற்பனை எண்ணை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். 100 பிளேட் அப்பியரன்ஸ், 88 அட்-பேட் (வாக், சாக்ரிஃபைஸ் ஃப்ளை போன்றவை போக மீதி), 29 ஹிட், 6 ஹோம் ரன், 11 வாக், 24 ஸ்ட்ரைக்அவுட், 1 சாக்ரிஃபைஸ் ஃப்ளை (தான் அவுட்டாகி ரன் எடுக்கவைத்த உயரப் பந்து). சராசரி .330, பார்த்தால் கண்ணைப் பறிக்கும். இப்போது மைதானத்துக்குள் விழுந்த பந்துகளை மட்டும் எடுங்கள். ஹிட்டிலிருந்து ஹோம் ரன்னைக் கழித்தால் 23. அட்-பேட்டிலிருந்து ஸ்ட்ரைக்அவுட்டையும் ஹோம் ரன்னையும் கழித்து, சாக்ரிஃபைஸ் ஃப்ளையைக் கூட்டினால் 59. 23ஐ 59ஆல் வகுத்தால் .390. இதுதான் பாபிப். இந்த அளவு நிற்காது. அது .310க்கு இறங்கினால் 59இல் 18 ஹிட், அதோடு 6 ஹோம் ரன், மொத்தம் 24. சராசரி .273. மோசமில்லை, ஆனால் .330 இல்லை. அந்த 6 ஹோம் ரன்னில் 5 உள்ளூரில் அடித்தது என்றால் அதற்கும் ஒரு தள்ளுபடி உண்டு. மிஞ்சுவது 24 சதவீத ஸ்ட்ரைக்அவுட், 11 சதவீத வாக். பேட்டர் யார் என்பதை இந்த இரண்டும்தான் சொல்கின்றன.

ஒரு எச்சரிக்கை. வேகமாக ஓடும் பையன்களுக்குக் கீழ் லீகுகளில் பாபிப் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். இன்ஃபீல்டர்கள் இன்னும் பக்குவப்படாதவர்கள், எறிவது தாமதமாகும், மெதுவாக உருளும் பந்துகூட ஹிட்டாகிவிடும். டபுள்-ஏவில் அது வற்றிவிடும்.

பைரட்ஸின் இளம் பேட்டர் கானர் கிரிஃபினை இந்த வடிகட்டிகளில் போட்டுப் பாருங்கள். 2024 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 9ஆவது தேர்வு, மிஸிஸிப்பி உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக வந்தவர். பந்தைத் தொடுவாரா என்பதுதான் அப்போது ஸ்கவுட்களின் (இளசுகளை மதிப்பிடுபவர்கள்) சந்தேகம். 2025இல் 19 வயதில் பிராடென்டன், கிரீன்ஸ்பரோ, ஆல்டூனா என மூன்று படிகள் ஏறி .333, 21 ஹோம் ரன், 65 ஸ்டீல் (பேஸ் திருட்டு). கிரீன்ஸ்பரோவுக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அதற்கு முன் புளோரிடா ஈரக்காற்றிலும், அதற்குப் பின் தன்னைவிட நாலைந்து வயது மூத்தவர்கள் மத்தியில் ஆல்டூனாவிலும் அவர் சரியவில்லை. மைதானம் மாறியும் நிற்கிற எண் என்பது இதுதான். பட்டியல்களில் அவர் உச்சிக்குப் போனது இதனால்தான், 21 ஹோம் ரன்னால் மட்டும் அல்ல.

டபுள்-ஏ பற்றியும் கேட்டீர்கள். பாதிப் பேர் அங்கே அடங்கிப்போவதற்கு மைதானம் மட்டும் காரணமில்லை. ஹை-ஏ பிட்சர் 2-0 (இரண்டு பால், ஸ்ட்ரைக் இல்லை) என்று பின்தங்கினால் பாஸ்ட்பால்தான் போடுவார், வேறு எதையும் ஸ்ட்ரைக்காகப் போடும் நம்பிக்கை அவருக்கு இருக்காது. டபுள்-ஏ பிட்சர் அதே 2-0இல் ஸ்லைடர் (கடைசியில் விலகி வளையும் பந்து) போடுவார். பாஸ்ட்பாலுக்குக் காத்திருந்தே பிழைத்த பேட்டர் அங்கே அம்பலமாகிவிடுவார். ஆல்டூனாவில் முதல் 150 பிளேட் அப்பியரன்ஸில் ஸ்ட்ரைக்அவுட் 30 சதவீதத்தைத் தாண்டி, வாக்கும் கூடவே சரிந்தால் கவலைப்படுங்கள். வாக் அப்படியே இருந்து சராசரி மட்டும் விழுந்தால் பொறுத்திருங்கள்.

ஸ்லைடர்21:

டக்அவுட்படி சொன்னது அத்தனையும் சரி. பிட்சர் பக்கத்தை நான் எடுத்துக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், பலருக்கும் தெரியாதது.

பேஸ்பால் சாவண்ட் தளத்துல புளோரிடா ஸ்டேட் லீக், டிரிபிள்-ஏ ரெண்டுக்கும் ஸ்டாட்காஸ்ட் தரவு (பந்து வேகம் மாதிரி அளவுகள்) பொதுவில் கிடைக்குது. நம்ம அணிக்கு அது பிராடென்டனும் இண்டியானபோலிஸும். நடுவுல இருக்கிற கிரீன்ஸ்பரோ, ஆல்டூனா ரெண்டுக்கும் கிடையாது. அதனால பையன் பிராடென்டன்ல இருக்கும்போதே பந்தை எவ்வளவு வேகத்துல அடிக்கிறான்னு குறிச்சு வச்சுக்கோங்க. மணிக்கு 95 மைலோ அதுக்கு மேலயோ அடிச்சா ஹார்ட் ஹிட். அதிகபட்ச வேகம் 110ஐத் தாண்டியிருந்தா உடம்புல பலம் இருக்குன்னு அர்த்தம், அது எந்த ஊர் மைதானத்தோட தயவும் இல்லை. கிரீன்ஸ்பரோ ஹோம் ரன் கணக்கைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

இப்ப பிட்சர். ஈ.ஆர்.ஏ. ஏன் வீண்னா, கீழ் லீகுல பின்னாடி நிக்கிற ஃபீல்டிங் சுமார், ரெண்டு பேரை பேஸ்ல விட்டுட்டு இறங்கினா அடுத்து வர்ற ரிலீவர் (மாற்று பிட்சர்) அவங்களை ரன் எடுக்க விட்டுடுவார், அதுவும் இவர் கணக்குலதான் சேரும், மேல கிரீன்ஸ்பரோ மாதிரி மைதானம். அதுக்குப் பதிலா ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலேருந்து வாக் சதவீதத்தைக் கழிங்க. 20க்கு மேல வந்தா உட்கார்ந்து கவனிங்க. 10க்குக் கீழ இருந்தா ஈ.ஆர்.ஏ. 2.50னு இருந்தாலும் நான் மயங்க மாட்டேன்.

சாண்ட்லரையே பாருங்க. 2025ல இண்டியானபோலிஸ்ல ஈ.ஆர்.ஏ. 4.05. ஏப்ரல்ல யாராலயும் தொட முடியலை, கோடை நடுவுல வாக் கூடிப்போச்சு. ஆனா சாவண்ட்ல பாத்திருந்தா பாஸ்ட்பால் வேகம் குறையவே இல்லைன்னு தெரிஞ்சிருக்கும். வேகமும் விழுந்து வாக்கும் கூடினா அது காயத்தோட முன்னோட்டம், முதல்ல அதைத்தான் பயப்படணும். வேகம் அப்படியே இருந்து வாக் மட்டும் கூடினா அது பெரும்பாலும் ரிலீஸ் பாயிண்ட் (கையிலேருந்து பந்தை விடுற இடம்) தடுமாற்றம். ரெண்டையும் பிரிச்சுப் பாக்கப் பழகிட்டா ஈ.ஆர்.ஏ. பக்கம் கண்ணே போகாது.

இன்னிங்ஸ் கணக்கைப் பாத்தும் ஏமாறக் கூடாது. மைனர் லீக்ல செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே அணியோட ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு. அதனால ஸ்டார்ட்டருக்கு (ஆட்டத்தைத் தொடங்குற பிட்சர்) பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு ஆட்டம்தான், அதுவும் பந்து எண்ணிக்கைக்கு வரம்பு வச்சு. பால் ஸ்கீன்ஸ் 2024ல இண்டியானபோலிஸ்ல 7 ஆட்டத்துல வெறும் 27.1 இன்னிங்ஸ்தான் போட்டார், சராசரி நாலு இன்னிங்ஸ்கூட இல்லை. அதுல 45 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. 0.99. நாலாவது இன்னிங்ஸ்ல இறக்கிட்டாங்கன்னா அடி வாங்கிட்டார்னு நினைக்காதீங்க, பந்து எண்ணிக்கையைப் பாருங்க.

பந்தே வேற என்பதும் முக்கியம். டிரிபிள்-ஏல 2019லேருந்து மேஜர் லீக் பந்து. அதுக்குக் கீழ வேற பந்து, தையலும் பிடியும் மாறும். ஆல்டூனாவுல வளைஞ்சு விழுந்த பந்து இண்டியானபோலிஸ்ல முதல் மாசம் சும்மா மிதந்து வரலாம். புது பந்துக்கு விரல் பழக நாலைஞ்சு ஆட்டம் கொடுங்க.

டிரான்ஸாக்ஷன் பக்கத்துல 'டெவலப்மென்ட் லிஸ்ட்'னு பாத்தா பதறாதீங்க, அது காயப் பட்டியல் இல்லை. ஆட்டத்துல இறக்காம தனியா வச்சு ஏதோ திருத்துறாங்க, இல்லன்னா இன்னிங்ஸை மிச்சம் பிடிக்கிறாங்க. 7 நாள் காயப் பட்டியலும் பல சமயம் சின்ன விஷயம்தான். 60 நாள் பட்டியல்னா மட்டும் என்ன ஏதுன்னு தேடுங்க.

மூன்றுநதி:

இருவருக்கும் நன்றி. பிராடென்டன் தரவை முன்கூட்டியே குறித்துவைப்பது எனக்குத் தோன்றவே இல்லை, இன்றே தொடங்குகிறேன். அந்த ரூல் 5, 40 பேர் பட்டியல் விவகாரத்தையும் யாராவது சாண்ட்லரை வைத்தே விளக்கினால் நல்லது. ஸ்கீன்ஸை மே மாதமே கூப்பிட்டார்கள், இவரை மட்டும் ஏன் ஆகஸ்ட் வரை?

நாற்பதாமிடம்:

இதற்குத் தேதிகளைத்தான் பார்க்க வேண்டும், எண்களை அல்ல.

முதலில் சர்வீஸ் டைம். மேஜர் லீக் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஒரு முழு வருடம். சீசன் அதைவிடச் சுமார் இரண்டு வாரம் நீளம். ஆறு முழு வருடம் முடிந்தால் ஆட்டக்காரர் சுதந்திரமாக எந்த அணிக்கும் போகலாம். ஆகவே ஏப்ரலில் இரண்டு, மூன்று வாரம் கீழேயே வைத்திருந்தால் அந்த வருடம் முழு வருடமாகாது, அணிக்குக் கடைசியில் ஒரு வருடம் கூடுதலாகக் கிடைக்கும். எல்லா அணிகளும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் கூப்பிடுகின்றன. ஆட்டக்காரர் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமே இல்லை என்பது என் எண்ணம்.

2022 ஒப்பந்தம் இதற்கு இரண்டு மாற்று மருந்து கொடுத்தது. ஒன்று, சிறந்த புதுமுகம் விருதில் முதல் இரண்டு இடத்தில் வந்தால், எப்போது கூப்பிட்டிருந்தாலும் முழு வருடம் சேர்ந்துவிடும். ஸ்கீன்ஸ் 2024 மே 11 அன்றுதான் அறிமுகமானார். சாதாரணமாக அது முழு வருடமாகாது. ஆனால் தேசிய லீகின் சிறந்த புதுமுகம் ஆனதால் ஒரு வருடம் முழுசாகச் சேர்ந்தது. இரண்டாவது மருந்து அணிக்கான ஊக்கம். பேஸ்பால் அமெரிக்கா, இ.எஸ்.பி.என்., எம்.எல்.பி. பைப்லைன் மூன்றில் குறைந்தது இரண்டின் டாப் 100இல் உள்ளவரை சீசன் தொடக்கத்திலேயே எடுத்து முழு வருடம் வைத்திருந்து, அவர் அந்த விருதை வென்றால் அணிக்கு முதல் சுற்று முடிந்ததும் ஒரு கூடுதல் டிராஃப்ட் தேர்வு. ஹூலியோ ரோட்ரிகஸால் சியாட்டில் மரினர்ஸுக்கு 2023இல் அப்படி ஒன்று கிடைத்தது. பைரட்ஸ் ஸ்கீன்ஸை மே வரை வைத்திருந்ததால் கூடுதல் வருடமும் போயிற்று, கூடுதல் தேர்வும் போயிற்று.

இப்போது சாண்ட்லர். அறிமுகம் 2025 ஆகஸ்ட் 22, நான்கு இன்னிங்ஸ் வீசி சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காத்ததற்கான கணக்கு) எடுத்தார். சீசன் முடிந்தது செப்டம்பர் 28. இடையில் 38 நாள். புதுமுகத் தகுதி போக வேண்டுமானால் பட்டியலில் 45 நாளைத் தாண்ட வேண்டும், அல்லது பிட்சர் 50 இன்னிங்ஸைத் தாண்ட வேண்டும், பேட்டர் 130 அட்-பேட்டைத் தாண்ட வேண்டும். அவர் எதையும் தாண்டவில்லை. 2026இலும் அவர் புதுமுகம், அணிக்கு அந்தக் கூடுதல் தேர்வு வாய்ப்பும் உயிரோடு இருந்தது. ஆகஸ்ட் நடுவில் கூப்பிட்டால் 45 நாள் தாண்டாது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வருடமும் அந்த வாரத்தில் பல அணிகளும் இளசுகளைக் கூப்பிடுவது ஏன் என்று புரியும். ஸ்லைடர்21 சொன்ன வாக் பிரச்சினையும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தேதி தற்செயல் அல்ல.

ரூல் 5க்கு வருகிறேன். 18 வயது அல்லது அதற்குக் கீழ் ஒப்பந்தமானவருக்கு ஐந்து சீசன், 19 அல்லது மேல் என்றால் நான்கு. அதற்குள் 40 பேர் பட்டியலில் (அணி தனக்கென்று காத்துக்கொள்ளும் ஆட்டக்காரர்கள்) சேர்க்காவிட்டால் டிசம்பர் ரூல் 5 டிராஃப்டில் வேறு எந்த அணியும் 1 லட்சம் டாலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அடுத்த சீசன் முழுவதும் அவரை மேஜர் லீகில் ஆடும் 26 பேர் பட்டியலிலேயே வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால், வேறு எந்த அணியும் வேண்டாம் என்ற பிறகு, பழைய அணிக்கு 50 ஆயிரம் டாலருக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். சேர்ப்பதற்கான கெடு நவம்பர் நடுவில் வரும்.

கணக்கு இப்படி: பள்ளியிலிருந்து 2021இல் எடுத்தவருக்கும் கல்லூரியிலிருந்து 2022இல் எடுத்தவருக்கும் கெடு ஒன்றுதான், 2025 நவம்பர். சாண்ட்லர் 2021 பள்ளிக்கூடத் தேர்வு. அவரை எப்படியும் நவம்பரில் 40 பேர் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும். ஆகஸ்டிலேயே சேர்த்ததால் மூன்று மாதம் முந்தியதைத் தவிர அணிக்கு நஷ்டம் எதுவும் இல்லை. கிரிஃபின் 2024 பள்ளித் தேர்வு, அவருக்குக் கெடு 2028 நவம்பர். அவரை எப்போது சேர்ப்பது என்பதில் ரூல் 5க்குப் பங்கே கிடையாது.

பட்டியலில் சேர்த்தபின் ஆப்ஷன், அதாவது தடையின்றிக் கீழே அனுப்பும் உரிமை, கணக்கு தொடங்கும். ஒரு சீசனில் 20 நாள் அல்லது அதற்கு மேல் கீழே அனுப்பினால் ஒரு ஆப்ஷன் தீர்ந்தது. மொத்தம் மூன்று. அதே சீசனில் எத்தனை முறை மேலும் கீழும் போனாலும் ஒன்றுதான் கழியும், ஆனால் ஒரு சீசனில் ஐந்து முறைக்கு மேல் அனுப்ப முடியாது. மூன்றும் தீர்ந்தவரை வேவர்ஸ் வழியாகத்தான் கீழே அனுப்ப முடியும், அங்கே வேறு அணி பறித்துக்கொள்ளலாம். மார்ச் மாத ரோஸ்டர் முடிவுகளில் பாதியை இதுதான் தீர்மானிக்கிறது. நன்றாக ஆடிய இளைஞரை இண்டியானபோலிஸுக்கு அனுப்பிவிட்டு, சுமாராக ஆடியவரை வைத்துக்கொள்கிறார்களா? இரண்டாமவரின் ஆப்ஷன் எண்ணிக்கையைப் பாருங்கள், பெரும்பாலும் பூஜ்யமாக இருக்கும். ஃபேன்கிராஃப்ஸின் ரோஸ்டர் ரிசோர்ஸ் பக்கத்தில் இந்த எண்ணிக்கை ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் இருக்கிறது.

பைரட்ஸ் ரசிகருக்கு ரூல் 5 வெறும் விதி அல்ல. பைரட்ஸ் நட்சத்திரம் ராபர்டோ கிளெமென்டேயே 1954இல் புரூக்ளின் டாட்ஜர்ஸிடமிருந்து அப்படி எடுக்கப்பட்டவர்தான். 2003 டிசம்பரில் அது திருப்பி அடித்தது. டிராஃப்டின் முதல் ஆறு தேர்வுகளில் ஐந்து பேர் பைரட்ஸிடமிருந்து போனவர்கள், அதில் ஹோசே பாடிஸ்டாவும் ஒருவர். அவர் ஒரே சீசனில் பல அணி மாறி 2004இலேயே பிட்ஸ்பர்க் திரும்பினார் என்பது வேறு கதை. 40 பேர் பட்டியலில் இடம் காலியாக வைத்துக்கொண்டு பையன்களைக் காப்பாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்றும் அந்த வருடத்தைத்தான் சொல்கிறார்கள்.

அலெகேனிக்கரை:

போனஸ் பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிராஃப்டில் எந்தச் சுற்று என்பதைவிட எவ்வளவு கொடுத்தார்கள் என்பதே அணியின் உண்மையான மதிப்பீடு. 2021இல் முதல் தேர்வான ஹென்றி டேவிஸுக்கு ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 84 லட்சம் டாலர். அவர் 65 லட்சத்துக்கு ஒப்பந்தமானார். மிச்சத்தை வைத்துத்தான் மூன்றாம் சுற்றுச் சாண்ட்லருக்கு 30 லட்சம் கொடுத்தார்கள். அந்த இடத்துக்கான தொகையைவிட அது மூன்று மடங்குக்கும் மேல். அதே டிராஃப்டில் வந்த பிட்சர் ஆண்டனி சோலோமெட்டோவுக்கும் அதே பையிலிருந்து சுமார் 28 லட்சம் போயிற்று. வெறுமனே "மூன்றாம் சுற்று" என்று பார்த்திருந்தால் சாண்ட்லரை அணி எங்கே வைத்திருந்தது என்றே தெரிந்திருக்காது. கூடுதல் போனஸ் வாங்கியவருக்கு வாய்ப்பும் கூடுதலாகக் கிடைக்கும், ஒரு மோசமான வருடத்துக்குப் பிறகும் ஆடும் இடம் பறிபோகாது. 20ஆவது சுற்றில் வந்தவருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

பட்டியல்களில் ஸ்கவுட்கள் திறனை அளக்கும் 20-80 அளவுகோலையும் சரியாகப் படியுங்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஃபியூச்சர் வேல்யூ 50 என்று போட்டிருந்தால் "சுமார்" என்று அர்த்தமில்லை, மேஜர் லீகில் தினமும் ஆடும் தகுதி என்று அர்த்தம். 45 பெஞ்சில் பயன்படுபவர், 60 ஆல்-ஸ்டார் தரம். ஒரு அணியின் 30 பேரில் பெரும்பாலானோர் 40, 45 தான். அணிப் பட்டியலில் 8ஆம் இடத்துக்கும் 14ஆம் இடத்துக்கும் வித்தியாசம் பெரும்பாலும் எழுதியவரின் ரசனைதான், அதில் சண்டை போட்டு நேரத்தை விரயம் செய்ய வேண்டாம்.

அந்த அரை மணி நேரத்துக்கு: நான்கு அணிகளும் கிழக்கு நேர மண்டலத்தில் இருப்பது ஒரு வசதி, ஆட்டங்கள் பெரும்பாலும் மாலை 6:30க்கும் 7க்கும் இடையில் தொடங்கும். எம்.எல்.பி. டி.வி. சந்தாவிலேயே மைனர் லீக் ஆட்டங்களும் வரும். இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது விடிகாலை 4 மணி. ஞாயிறு மதிய ஆட்டம் மட்டும் நம் இரவு 10:30 வாக்கில் வரும். முழு ஆட்டமும் பார்க்க வேண்டியதில்லை. ஒரே பேட்டரின் நான்கு வாய்ப்புகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் சுழற்சியைச் சுருக்குகிறாரா, வெளியே போகும் ஸ்லைடரை விடுகிறாரா என்று கவனித்தால் போதும்.

பாக்ஸ் ஸ்கோரில் எந்த இடத்தில் ஆடினார் என்பதையும் விடாதீர்கள். ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவரை வாரத்தில் இரண்டு நாள் இரண்டாம் பேஸிலும் இடது ஃபீல்டிலும் நிறுத்தத் தொடங்கினால் ஒன்று அவர் ஷார்ட்ஸ்டாப்பில் நிலைக்க மாட்டார் என்று அணி நினைக்கிறது, இல்லையென்றால் சீக்கிரம் மேலே கூப்பிட வழி தேடுகிறது. இண்டியானபோலிஸில் அது நடந்தால் பெரும்பாலும் இரண்டாவது.

எல்லாவற்றிலும் கீழ்ப்படியான டொமினிகன் சம்மர் லீக் எண்களை மட்டும் தொடவே வேண்டாம். 17 வயதுப் பையன்கள், பிட்சர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை, வாக் ஆறாக ஓடும். அங்கே .400 ஆன்-பேஸ் (பேஸை அடைந்த விகிதம்) என்பது பல சமயம் சும்மா நின்றதற்குக் கிடைத்த பரிசு. புளோரிடா காம்ப்ளெக்ஸ் லீக் வந்தபின் பார்த்தால் போதும். பைரட்ஸ் 2008இல் ஒப்பந்தம் செய்த நம் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் அடுத்த வருடம் முதலில் ஆடியது பிராடென்டனில், அப்போதைய கல்ஃப் கோஸ்ட் லீகில்தான், இன்றைய காம்ப்ளெக்ஸ் லீகின் பழைய பெயர் அது.

டக்அவுட்படி:

நாற்பதாமிடம் சொன்னதோடு ஒரு சிறு சேர்ப்பு. டிரிபிள்-ஏ வாக் எண்களைப் பல வருடங்களுக்கு இடையே ஒப்பிடும்போது ஜாக்கிரதை. 2023இல் வாரத்தில் மூன்று நாள் ஸ்ட்ரைக்கா பாலா என்பதை இயந்திரமே சொன்னது, மீதி நாள் அப்பீல் முறை (அம்பயர் சொன்னதை ஆட்டக்காரர் எதிர்த்தால் மட்டும் இயந்திரம்). 2024 ஜூன் கடைசியிலிருந்து எல்லா நாளும் அப்பீல் முறைதான். இயந்திரம் சொன்ன நாட்களில் வாக் கூடியது. ஆகவே 2023இல் இண்டியானபோலிஸில் 12 சதவீத வாக் எடுத்த பேட்டரும் 2025இல் 12 சதவீதம் எடுத்தவரும் ஒன்றல்ல, பின்னவரே ஒரு படி மேல். பிட்சர்களுக்கு இதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள்.

பசிஃபிக் கோஸ்ட் லீக் பேட்டர்களோடு நம் ஆட்களை ஒப்பிடுவதும் வேண்டாம். அங்கே ரீனோ, அல்புகெர்க்கி மாதிரி உயரமான ஊர்களில் பந்து பறக்கும். இண்டியானபோலிஸ் இருப்பது இண்டர்நேஷனல் லீகில். பேட்டரை வேறு அணியிலிருந்து டிரேடில் வாங்கும்போது இதை முதலில் பாருங்கள், அவர் எந்த லீகிலிருந்து வருகிறார் என்று.